ஹார்னஸ் மாட்டினால் பூனை சரிந்து விழுகிறதா?

கேள்வி: என் பூனைக்கு மூன்று வயது. வெளியே போனதே இல்லை. ஜன்னலில் உட்கார்ந்து கத்துகிறது. நடக்கக் கூட்டிப்போகலாம் என்று ஹார்னஸ் (கயிறு கோக்க உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) மாட்டினேன். அப்படியே பக்கவாட்டில் சரிந்துவிட்டது. பயந்து கழற்றியதும் எழுந்து ஓடிவிட்டது. பழக்க முடியுமா?

பதில்: அடி எதுவும் பட்டிருக்காது, கவலைப்படாதீர்கள். உடம்பை ஏதோ பிடித்துக்கொண்டதுபோல் தோன்றினால் நிறையப் பூனைகள் இப்படித்தான் சரியும். சில, வயிறு தரையில் உரச ஊர்ந்து போகும்.

மூன்று வயதில் தாராளமாகப் பழக்கலாம். அவசரம்தான் கூடாது. ஹார்னஸைச் சில நாள் அது தூங்கும் இடத்தில் சும்மா போட்டு வையுங்கள். அதன் வாசனை ஏறட்டும். அப்புறம், பசி நேரத்தில் முதுகின் மேல் வைத்து, பிடித்த தீனி கொடுத்து எடுத்துவிடுங்கள். பக்கிள் மாட்டும் சத்தத்துக்கே மிரளும் பூனைகள் உண்டு. பக்கிளைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் போட்டுக் காட்டிப் பழக்குங்கள். மாட்டிய பிறகு ஓரிரு நிமிடம் விளையாட்டு, உடனே கழற்றல். இயல்பாக நடக்கத் தொடங்கினால் நேரத்தைக் கூட்டலாம்.

பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு நுழைய வேண்டும். இதில் கறாராக இருங்கள். மிரண்ட பூனை தலையைத் தாழ்த்தி, தோளைக் குறுக்கி, பின்பக்கமாக நழுவும். நீங்கள் எதிரே நின்று கயிற்றை இழுத்தால் ஹார்னஸ் தலைவழியே உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் எப்போதும் அதன் பின்னாலோ பக்கத்திலோ நில்லுங்கள். கழுத்துப்பட்டையில் மட்டும் கயிறு கட்டவே கட்டாதீர்கள், கழுத்தை நெரித்துவிடும்.

வெளியே போகும்போது வாசலைத் தானாகத் தாண்ட விடாதீர்கள். பழகிவிட்டால் கதவு திறக்கும்போதெல்லாம் ஓடப் பார்க்கும். கூடையில் தூக்கிப்போய், அமைதியான இடத்தில் திறந்து வையுங்கள். மூக்கை மட்டும் நீட்டிப் பார்த்தாலும் அன்றைக்கு அது போதும். நாய் மாதிரி உங்களோடு நடந்து வராது. ஒரே செடியை வெகுநேரம் மோந்துகொண்டு நிற்கும். நீங்களும் நில்லுங்கள், அந்த மோப்பத்துக்காகத்தானே அது வெளியே வருகிறது! காது பின்னால் படிந்து, வால் புடைத்தால் கூடைக்குள் போகவிடுங்கள். அந்த நேரத்தில் கையில் தூக்கினால் பிராண்டிவிடும்.

பொறுமையாகப் பழக்கியும் ஒடுங்கியே கிடந்தால் விட்டுவிடுங்கள். ஜன்னலோரம் உயரமாக ஒரு பலகை அடித்துக் கொடுங்கள். பழகிவிட்டால், கிளம்பும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டி ரேபீஸ் தடுப்பூசியும் உண்ணி மருந்தும் முடித்துவிடுங்கள்.