ராலே ட்வெண்ட்டி: 20 அங்குல டயர் ஏன் ஏறலை?

உங்க ராலே ட்வெண்ட்டி சைக்கிளுக்கு வாங்கின 20 அங்குல டயர், டயர் லீவர் வளையற அளவுக்கு நெம்பியும் ரிம்மில் ஏறலைன்னு எழுதியிருக்கீங்க. நெம்பறதை நிறுத்துங்க, தப்பு உங்க கையில இல்லை. டயர் பக்கவாட்டுல 20×1.75, 47-406 மாதிரி போட்டிருக்கும், பாருங்க. பிரிட்டனில் வித்த ராலே ட்வெண்ட்டிக்குப் பொதுவா வேண்டியது 20×1 3/8, அதாவது 37-451. ரெண்டுமே ‘இருபது அங்குலம்’தான். ஆனா கோட்டுக்குப் பின்னால இருக்கற 406, 451-தான் ரிம்மில் டயர் உட்கார்ற இடத்தோட விட்டம், மி.மீ.யில. அதுல 45 மி.மீ. வித்தியாசம்! கடையில 451-ன்னே கேளுங்க, ட்யூபும் அதுக்கேத்தது.

எந்த வருஷத்து வண்டின்னும் கேட்டிருந்தீங்க. 1962-ல மோல்டன்-ங்கற சைக்கிள் சின்னச் சக்கரமும் ஸ்பிரிங்குமா வந்து சக்கைப்போடு போட, ராலே 1965-ல 16 அங்குலச் சக்கரத்தோட ஆர்எஸ்டபிள்யூ-ங்கற வண்டியை விட்டுது. ஸ்பிரிங்குக்குப் பதிலா கொழுத்த டயர்; மிதிச்சா கால் கழண்டுடும். 1968-ல வந்த ட்வெண்ட்டிதான் உருப்படியான வண்டி. பின் சக்கரத்து நடுவுல ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனி ஹப் இருந்தா, அழுக்கைத் துடைச்சுப் பாருங்க: ‘74 3’ன்னு இருந்தா 1974 மார்ச். யாராவது சக்கரம் மாத்தியிருந்தா அது ஹப்போட வயசு மட்டும்தான்.

ரெண்டு பெடல் கட்டையையும் இணைக்கற நடு அச்சு ஆடுதுன்னு புது பாட்டம் பிராக்கெட் (அந்த அச்சும் பேரிங்கும் சேர்ந்த செட்) வாங்கிடாதீங்க. ராலே மரை அங்குலத்துக்கு 26 சுத்து, இப்ப கடையில கிடைக்கறது 24; பொருந்தாது. பழைய பேரிங் கப்பையே வெச்சுக்கிட்டு பேரிங் குண்டும் கிரீஸும் மட்டும் மாத்துங்க.

உங்க ட்வெண்ட்டி மடக்கற மாடலா இருந்தா, மடக்கினாலும் பெரிய மூட்டைதான், பஸ்ஸில ஏத்தற ஆசை வேண்டாம்.