மாடி ஜன்னலுக்கு மறைப்பாக எந்தச் செடி வைப்பது?

கேள்வி: ஈரோட்டில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் 30 அடி நீளம். 5 அடி காம்பவுண்டு சுவர் இருக்கிறது. பின்மனைக்காரர் புதிதாக மாடி எடுத்திருக்கிறார். அவர்கள் ஜன்னல் எங்கள் சுவரிலிருந்து 10 அடி தள்ளி இருக்கிறது. சுவருக்கு 12 அடி உள்ளே இருக்கும் துவைக்கல்லில் உட்கார்ந்தால்கூட அங்கிருந்து தெரிகிறது. நர்சரியில் நெட்டிலிங்கம் வைக்கச் சொல்கிறார்கள். போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. என்ன வைக்கலாம்?

பதில்: செடியின் பெயரை முடிவு செய்யும் முன் எவ்வளவு உயரம் வேண்டும் என்று பாருங்கள். சுவரிலிருந்து 2 அடி உள்ளே ஒருவர் தொரட்டிக் கம்பைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். நீங்கள் துவைக்கல்லில் உட்கார்ந்து ஜன்னலைப் பாருங்கள். பார்வைக்கோடு கம்பை எந்த இடத்தில் வெட்டுகிறதோ அதுதான் தேவையான உயரம். மாடியில் நிற்பவரின் கண் தரையிலிருந்து 16 அடி, உட்கார்ந்திருக்கும் உங்கள் தலை 4 அடி என்று வைத்தால், உங்கள் அளவுகளுக்கு ஒன்பதரை அடி வரும். நின்று துணி உலர்த்தும்போது 10 அடி. அதே மறைப்பைத் துவைக்கல்லுக்கு 4 அடி தூரத்தில் வைத்தால் உட்கார்ந்திருப்பவருக்கு ஆறே கால் அடி போதும். சுவரோரம்தான் நட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

10 அடி மறைப்புக்கு 30 அடிக்கு மேல் போகும் நெட்டிலிங்கம் வேண்டியதில்லை. நடுவில் வெட்டினால் அதன் கூம்பு வடிவம் கெடும், நெருக்கி நட்டால் கீழ் இலைகள் உதிரும். நர்சரியில் கொனோகார்பஸ் என்ற மரத்தைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேர் குழாய்களுக்குள் போகிறது, மகரந்தத்தால் ஒவ்வாமை வருகிறது என்று குஜராத் அரசு 2023-இல் அதை நடத் தடை விதித்தது. பார்க்க அழகாக இருந்தாலும் அரளியும் குழந்தைகள் விளையாடும் கொல்லையில் ஆகாது. அதன் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. கழித்த கிளையை எரித்தால் வரும் புகையும் கெடுதல்.

கொங்குப் பக்கம் வேலி என்றாலே கிளுவை நினைவுக்கு வரும். ஆடு மாட்டைத் தடுக்க அதற்கு ஈடில்லை, ஆனால் கோடையில் இலையைக் கொட்டிவிடும். வேலி வேறு, மறைப்பு வேறு. இட்லிப்பூவும், காமினி என்ற வெள்ளைப்பூப் புதர்ச்செடியும் நல்ல மறைப்புத்தான். ஆனால் உங்கள் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்திருந்தால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல், நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் மாறி நின்றுவிடும்.

உங்களுக்கு என் தேர்வு நொச்சி. உப்பை ஓரளவு தாங்கும், 10 அடிக்கு மேல் வளரும், எத்தனை முறை வெட்டினாலும் துளிர்க்கும். அடிப்பகுதியை அடைக்க முன்வரிசையில் ஆடாதொடை வையுங்கள். இரண்டுமே போத்தில், அதாவது வெட்டி நடும் கிளைத்துண்டில், வேர்விடும் என்பதால் நர்சரிச் செலவும் மிச்சம்.

புரட்டாசியில் வேலையைத் தொடங்குங்கள், ஐப்பசி மழை வேர்பிடிக்க உதவும். சுவரிலிருந்து 2 அடி தள்ளி, ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் போலத் தோண்டுங்கள். கட்டடம் கட்டியபோது புதைந்த சிமெண்டுக் கழிவும் செங்கல் துண்டும் வந்தால் முழுவதையும் அள்ளி வெளியே போடுங்கள். மறைப்பின் நடுவே ஒரு செடி மட்டும் குட்டையாக நிற்பது பெரும்பாலும் இந்தக் கழிவு கிடக்கும் இடத்தில்தான். இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம், செடி வரும் ஒவ்வோர் இடத்துக்கும், அதாவது குழிக்கு, 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு. பச்சைச் சாணம் போட்டால் கரையான் வரும்.

பென்சிலைவிடச் சற்றுப் பருத்த, ஓர் அடி நீளப் போத்துகளை இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து ஊன்றுங்கள். இடைவெளி 2 அடி. ஓரத்தில் ஓர் அடி விட்டால் 30 அடிக்கு 15 குழி. குழிக்கு இரண்டு போத்து ஊன்றி, மூன்று மாதம் கழித்து நோஞ்சானை எடுத்துவிடுங்கள். செப்டிக் டேங்க் இருந்தால் அந்த இடத்தை 5 அடி விலக்கி, அங்கே தொட்டியில் வளர்த்துக்கொள்ளலாம். முதல் மாதம் மழையில்லாத நாளில் குழிக்கு 2 லிட்டர், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் 4 லிட்டர். சொட்டுநீர்க் குழாய் போட்டால் கோடையிலும் இலை நிற்கும்.

பலரும் கோட்டைவிடுவது வெட்டுவதில்தான். சீக்கிரம் உயரட்டும் என்று 10 அடி வரை விட்டுவிட்டு வெட்டினால், மேலே குடையும் கீழே வெறும் குச்சியுமாக நிற்கும். ஒன்றரை அடியிலேயே நுனியைக் கிள்ளுங்கள். அதன்பின் ஒவ்வோர் அடி வளர்ந்ததும் நான்கு விரல் வெட்டுங்கள். அடி அகலமாகவும் தலை ஒடுங்கியும் இருக்க வேண்டும்: கீழே இரண்டரை அடி, மேலே ஒன்றரை அடி. அப்போதுதான் கீழ் இலைக்கு வெயில் கிடைக்கும்.

இது அடர்ந்து நிற்க இரண்டு வருடமாவது ஆகும். அதுவரை துவைக்கல்லுக்கு மேலே 7 அடியில் பந்தல் போட்டுப் பீர்க்கனோ அவரையோ ஏற்றுங்கள். மேலிருந்து வரும் பார்வைக்குப் பந்தல்தான் நேரான தடுப்பு, இரண்டு மாதத்தில் மூடிவிடும். கோவைக்காய்க் கொடி வைத்தால் வருடத்துக்கு வருடம் விதை போடும் வேலையும் இல்லை.