முருகன் பிறந்த கதையில் எது சரியானது?

‘மகாபாரதத்தில் முருகன் அக்னியின் பிள்ளை, கந்தபுராணத்தில் சிவனுடைய நெற்றிக்கண்ணில் தோன்றியவன், எது சரி?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைக்கோ பேத்திக்கோ கதை சொல்லப்போய் மாட்டிக்கொண்டீர்கள் போலிருக்கிறது. நான் மேடையிலேயே மாட்டிக்கொண்டவள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சாமி இல்லை என்று சொல்கிற கட்சி அல்ல. கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம் இருக்கிறேன். ஆகவே ‘உங்களுக்குப் பக்தி இல்லை’ என்று யாரும் கீழே எழுத வேண்டாம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கந்தசஷ்டிக்குத் தினமும் மாலையில் யாராவது பேசுவது வழக்கம். வெளியிலிருந்து பேச்சாளரைக் கூப்பிட்டால் பணம் கொடுக்க வேண்டும் என்பதால், ஓய்வுபெற்ற தமிழாசிரியை என்று என்னைப் பிடித்தார்கள். தலைப்பு ‘கந்தன் அவதாரம்’. எல்லோரும் அறிந்த கதையையே மறுபடி சொல்வானேன் என்று மகாபாரதத்தின் வனபர்வத்தில் வரும் கதையை எடுத்தேன்.

மார்க்கண்டேயர் சொல்வதாக வருகிறது அது. ஏழு முனிவர்களின் மனைவியர் மேல் அக்னி ஆசைப்படுகிறான். அவன் மேல் ஆசை கொண்ட சுவாகா என்பவள், அந்தப் பெண்களின் உருவத்தை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு அவனைச் சேர்கிறாள். அருந்ததியின் உருவத்தை மட்டும் எடுக்க அவளால் முடியவில்லை. ஆகவே ஆறு முறை. ஆறு தலையோடு பிள்ளை பிறக்கிறது. ஊர் சும்மா இருக்குமா? முனிவர் மனைவியர் பெற்ற பிள்ளை என்று பேச்சு கிளம்புகிறது. நடந்ததெல்லாம் அறிந்த விசுவாமித்திரர், ‘உங்கள் மனைவியர் மேல் குற்றமில்லை’ என்று முனிவர்களிடம் எடுத்துச் சொல்கிறார். கேட்டுக்கொள்கிறார்கள். கேட்ட பிறகும் தள்ளி வைக்கிறார்கள்! அந்த ஆறு பேரும் முருகனிடம் போய், ‘எங்களை உன் தாய்மாராக ஏற்றுக்கொள்’ என்று கேட்கிறார்கள். அவன் ஏற்றுக்கொள்கிறான். வானத்தில் கார்த்திகை மீன்களாக அவர்களுக்கு இடம் கிடைக்கிறது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து, “முருகனுக்குத் தகப்பனையே மாற்றுகிறீர்களே டீச்சர், இந்த வடக்கத்திக் கதையெல்லாம் நமக்கு எதற்கு?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் மைக்கை வாங்கிக்கொண்டு, “நேரமாகிவிட்டது, சுண்டல் ஆறுகிறது” என்று கூட்டத்தை முடித்துவிட்டார். அன்று சொல்ல விடாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

வடக்கத்திக் கதையா? சங்கத் தமிழ் நூல்களில் ஒன்றான திருமுருகாற்றுப்படையைப் புரட்டிப் பாருங்கள். ‘ஐவருள் ஒருவன் அங்கை ஏற்ப, அறுவர் பயந்த ஆறமர் செல்வ’ என்று முருகனை விளிக்கிறது. ஐம்பூதங்களில் ஒன்றான தீ கையில் ஏந்த, ஆறு பெண்கள் பெற்ற பிள்ளை. இன்னொரு சங்க நூலான பரிபாடலின் ஐந்தாம் பாடல், கடுவன் இளவெயினனார் பாடியது, இன்னும் விரிவாகவே சொல்கிறது. இந்திரன் வேண்டியதற்காகச் சிவன், தானும் உமையும் கூடியதில் உண்டான கருவைச் சிதைக்கிறான்; முனிவர்கள் அதை வேள்வித் தீயில் இடுகிறார்கள்; அருந்ததி நீங்கலாக மற்ற ஆறு பேரும் உண்டு கருவுறுகிறார்கள். அந்தப் பெண்கள் கற்பில் வழுவவில்லை என்று புலவர் தாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். ஊர்ப்பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்கும் போலிருக்கிறது.

பிறகு வந்த கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சியில் கந்தபுராணம் பாடியபோது முனிவர் மனைவியரை இந்தப் பிறப்பிலிருந்து விலக்கிவிட்டார். நெற்றிக்கண்ணின் பொறிகளை வாயுவும் அக்னியும் தாங்க மாட்டாமல் கங்கையில் விடுகிறார்கள். அவள் சரவணப் பொய்கையில் சேர்க்கிறாள். ஆறு குழந்தைகள் ஆகின்றன. கார்த்திகைப் பெண்கள் பால் கொடுப்பதோடு சரி. உமை சேர்த்து அணைத்ததும் ஆறும் ஒன்றாகின்றன. கருவில் உருவாகாத கடவுள் என்பது சைவருக்கு முக்கியம், அது புரிகிறது. ஆனால் பழி சுமந்த ஆறு பெண்களின் கதை அதோடு போயிற்று. எனக்கு அது பெரிய இழப்பு.

கச்சியப்பரைக் குறை சொல்கிறேன் என்று கிளம்பாதீர்கள். சூரன் கதையில் அவரை மிஞ்ச ஆளில்லை. திருமுருகாற்றுப்படையில் முருகன் மாமரத்தை வெட்டுவதோடு சரி. கோழிக்கொடி அங்கேயும் பறக்கிறது, ஆனால் அது சூரனிலிருந்து வந்ததாகப் பேச்சில்லை. கந்தபுராணத்தில் மாமரமாக நின்ற சூரனின் உடல் இரண்டாகப் பிளந்து சேவலும் மயிலுமாகப் பாய்ந்து வருகிறது. ஒன்றைக் கொடியாக்கி, மற்றொன்றின் மேல் ஏறிக்கொள்கிறான் முருகன். பகைவனைக் கூடவே வைத்துக்கொள்கிற அந்த முடிவை வனபர்வத்தில் தேடினாலும் கிடைக்காது. அங்கே முருகனிடம் மகிடன் என்ற அசுரன் செத்தே போகிறான்.

    

எது சரி என்ற கேள்விக்கு என்னிடம் தீர்ப்பு இல்லை. ஒவ்வொரு நூலிலும் யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்று பாருங்கள். சின்னக் குழந்தை என்றால் சரவணப் பொய்கையும் தாமரையும் போதும், கந்தபுராணத்தையே சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்றால் வனபர்வத்தைத் தாராளமாகச் சொல்லலாம். விசுவாமித்திரர் சாட்சி சொல்லும் இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.