குளிர் சீக்கிரம் போனால் நல்லதுதானே? மிச்சிகனில் 2012 மார்ச்சில் நான் பார்த்தது

கேள்வி: அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கிறேன். பிப்ரவரி கடைசியிலேயே ஸ்னோ உருகி இதமாக வெயில் அடிக்கிறது. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் கவலையாகப் பேசுகிறார்கள். குளிர் சீக்கிரம் போனால் நல்லதுதானே?

பதில்:

இதே கேள்வியை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், 2012 மார்ச்சில் ஒரு ஆப்பிள் விவசாயியிடம் நேருக்கு நேர் கேட்டவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

இது அனேகமாக உங்களுக்கு முதல் குளிர்காலமாக இருக்கும். நாலு மாசம் கோட்டு, பூட்ஸ், காலையில் கார் கண்ணாடியில் ஐஸ் சுரண்டுவது என்று அலுத்துப் போயிருப்பீர்கள். அதனால் வெயிலைப் பார்த்துச் சந்தோஷப்படுவதில் தப்பே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயமுறுத்துகிறேன் என்று யாரும் வரக்கூடாது.

அப்போது எனக்கு மிச்சிகன் மாநிலம் கிராண்ட் ராப்பிட்ஸில் வேலை. வாடகை குறைவு என்பதால் நகரத்துக்கு வடக்கே, ஸ்பார்ட்டா பக்கம் ஒரு பழைய வீட்டில் குடியிருந்தோம். அந்த மேட்டு நிலத்தை ‘ரிட்ஜ்’ என்பார்கள். மிச்சிகன் ஆப்பிளில் பெரும்பங்கு அங்கேதான் விளைகிறது. எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஆப்பிள் மரங்கள் வரிசை வரிசையாகத் தெரியும். தோட்டத்துக்காரருக்கு எழுபது வயதிருக்கும். பெயர் வேண்டாம், பெரியவர் என்றே சொல்கிறேன்.

மார்ச் நடுவில் அங்கே பகலில் 45 ஃபாரன்ஹீட் இருந்தால் சாதாரணம். நம் கணக்கில் 7 டிகிரி செல்சியஸ். அந்த வருஷம் 80ஐத் தாண்டியது, அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. மாநிலத்தின் வடபகுதியில் பெல்ஸ்டன் என்று ஒரு சின்ன ஊர், குளிருக்குப் பேர்போனது. மார்ச் 22 அன்று அங்கே 85. அந்தத் தேதிக்கு அதுவரை இருந்த உச்சமே 53தான். ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்று உடையவேண்டிய சாதனை 32 டிகிரி வித்தியாசத்தில் உடைந்தது. அந்த மாதம் அமெரிக்கா முழுக்க 15,000க்கும் மேற்பட்ட வெப்பச் சாதனைகள் பதிவாயின. மேல்காற்று ஓட்டம் வடக்கே வளைந்து போய் அப்படியே நின்றுகொண்டது. தெற்கிலிருந்து வெப்பம் தடையில்லாமல் ஏறி வந்தது. குளிர்காலத்தில் ஸ்னோவும் சரியாக விழாததால் வெயிலுக்கு உருக்கும் வேலை இல்லை, நேராக மண்ணைச் சூடாக்கியது.

நாங்கள் கொண்டாடினோம். அரைக்கால் சட்டை, பின்கட்டில் நாற்காலி, குழந்தைக்கு அங்கேயே சாதம் ஊட்டினோம். ஒரு சாயங்காலம் பெரியவர் வேலி ஓரமாக நடந்து வந்தார். “இவ்வளவு நல்ல வெயில்! குளிர் சீக்கிரம் போனது நல்லதுதானே?” என்றேன். அவர் மரங்களையே பார்த்துக்கொண்டு, “எனக்கு இது பிடிக்கவில்லை” என்றார். அவ்வளவுதான். வயசானவர்கள் எதையாவது குறை சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இன்று வரைக்கும் உறுத்துகிறது.

மறுநாள் யுகாதி. எங்கள் ஊர் கிருஷ்ணகிரி பக்கம், வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவோம். அப்பாவுக்குப் போன் போட்டு, “இங்க உங்க ஊரு மாதிரியே வெயில்பா, கோட்டே வேணாம்” என்றேன். அப்பா மூணு ஏக்கரில் மாந்தோப்பு வைத்திருந்தவர், பெரும்பாலும் பெங்களூரா ரகம். அவர் கேட்டது ஒரே கேள்வி: “மரம் என்னடா பண்ணுது?”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மொட்டு நுனியெல்லாம் பச்சை. போன வருஷம் இதே சமயத்தில் வெறும் குச்சியாக நின்ற மரங்கள்.

“அய்யோ, பின்னாடி பனி அடிச்சா?” என்றார் அப்பா. கடல் தாண்டி இருந்தவருக்கு ஒரு நொடியில் விளங்கியது எனக்குப் பக்கத்திலேயே இருந்து விளங்கவில்லை.

விஷயம் இதுதான். ஆப்பிள் மரத்துக்குக் குளிர் வேண்டும். இத்தனை நூறு மணி நேரம் குளிரில் உறங்கிய பிறகுதான் விழிக்கும். மிச்சிகனில் ஜனவரிக்குள்ளேயே அந்தக் கணக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு மரத்தைப் பிடித்து வைத்திருப்பது வெளியில் இருக்கும் குளிர் மட்டுமே. வெப்பம் வந்தால் மரத்துக்குத் தேதி தெரியாது, கிளம்பிவிடும். மூடிய மொட்டு 15 ஃபாரன்ஹீட் வரை, அதாவது மைனஸ் 9 செல்சியஸ் வரை, பெரிய சேதம் இல்லாமல் தாங்கும். அதே மொட்டு பூவாக விரிந்துவிட்டால் 28இலேயே சாக ஆரம்பிக்கும். 25க்கு இறங்கினால் பத்தில் ஒன்பது பூ போய்விடும். உயிருக்கும் சாவுக்கும் நடுவே மூணு டிகிரிதான்.

மிச்சிகன் ஏரிக்கரையில் பழத்தோட்டங்கள் இவ்வளவு இருப்பதற்குக் காரணமே அந்த ஏரிதான். வசந்தத்தில் ஏரித் தண்ணீர் ஜில்லென்று கிடப்பதால் கரையோரக் காற்றும் குளிர்ந்தே இருக்கும். மரங்கள் தாமதமாகப் பூக்கும். அதற்குள் உறைபனி நாட்கள் முடிந்திருக்கும். அந்த மார்ச்சில் காற்று தெற்கிலிருந்து வீசியதால் ஏரியின் காவல் எடுபடவில்லை.

நம் ஊரில் ‘சிவராத்திரியோடு பனி சிவசிவா என்று போய்விடும்’ என்போம். போனால் போனதுதான். அங்கே அப்படி இல்லை. ஏப்ரல் முழுக்க மாறி மாறி உறைபனி இரவுகள். கடைசி வாரத்தில் மரமெல்லாம் வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் பூத்திருக்கும்போது, ஒரு ராத்திரி மேகமே இல்லை, காற்றும் அசையவில்லை. அந்த அமைதிதான் ஆபத்து என்று பிறகு தெரிந்துகொண்டேன். தரைச்சூடு முழுக்க வானத்துக்குப் போய்விடும், குளிர்ந்த காற்று தரையோடு தேங்கும், முப்பது நாற்பது அடிக்கு மேலே சூடான காற்று நிற்கும். அதைக் கீழே தள்ளத்தான் உயரமான கம்பத்தில் பெரிய விசிறி வைத்திருப்பார்கள். இரண்டு மணிக்கு அது ஓட ஆரம்பித்ததும் ஹெலிகாப்டர் கூரைமேல் இறங்குவது போலச் சத்தம், குழந்தை வீறிட்டு எழுந்தது. நான் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போனேன். பெரியவரும் அவர் மகனும் மரத்துக்கு மரம் தொங்கவிட்டிருந்த வெப்பமானிகளை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளத்து வரிசைகளைப் பார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். 29. பிறகு 27. நாலரைக்குப் பார்த்தபோது 25க்கும் கீழே. கத்திச் சொன்னேன். விசிறிச் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ, பதில் வரவில்லை.

காலையில் பூக்கள் அப்படியே அழகாகத்தான் இருந்தன. ‘தப்பித்துவிட்டது போல’ என்றேன். பெரியவர் பேனாக்கத்தியை எடுத்து ஒரு பூவின் அடிப்பகுதியைக் குறுக்காக வெட்டி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இதழ் வெள்ளை. நடுவில், காயாக வேண்டிய இடம், நெருப்புக்குச்சித் தலை அளவுக்குக் கறுப்பு. அடுத்தது, கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. பத்துப் பன்னிரண்டு வெட்டியிருப்பார். ஒன்றே ஒன்று உள்ளே பச்சையாக இருந்தது. அதை மட்டும் கீழே போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வழக்கமாக 2 கோடி புஷலுக்கு மேல் ஆப்பிள் எடுக்கும் மாநிலம் அந்த வருஷம் 30 லட்சத்தைக்கூட எட்டவில்லை (ஒரு புஷல் சுமார் 19 கிலோ). அமெரிக்காவின் புளிப்புச் செர்ரியில் பெரும்பகுதி மிச்சிகனுடையது. அதில் சுமார் 90 சதவீதம் போனது.

செப்டம்பரில் நம் ஆட்கள் குடும்பம் குடும்பமாக ஆப்பிள் பறிக்கப் போவோம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த வருஷம் ரத்து. ஒரு நண்பர் வீட்டு விருந்தில் இந்தப் பேச்சு வந்தபோது ஒருவர், “அதெல்லாம் இன்சூரன்ஸ் வந்துடும் சார், அமெரிக்க விவசாயிக்கு என்ன கஷ்டம்” என்றார். எனக்கு வந்த கோபத்துக்குப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். புளிப்புச் செர்ரிக்கு அப்போது அரசின் பயிர்க் காப்பீடே கிடையாது. ஆப்பிளுக்கு உண்டு, ஆனால் அது முழு விளைச்சலுக்கும் ஈடாகாது. பறிக்க வரும் கூலிக் குடும்பங்களுக்கு எந்தக் காப்பீடு? பழமில்லாத தோட்டத்தில் ஏணி எதற்கு?

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அந்த ‘விவசாயிக்கு என்ன கஷ்டம்’ என்ற தொனியை நான் சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். மாங்காய் நன்றாகக் காய்த்த வருஷங்களில் அப்பா வண்டியோடு மாங்கூழ் ஆலை வாசலில் ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி காத்துக் கிடப்பார். வெயிலில் காய் பழுக்கப் பழுக்க விலை இறங்கும். காலையில் சொன்ன விலை சாயங்காலம் இருக்காது. திருப்பி எடுத்துப் போனால் டீசல் செலவு, போட்டுவிட்டு வந்தால் பறிகூலிகூடத் தேறாது. அந்த வரிசையில் ஒரு நாளாவது நின்றவன் இன்சூரன்ஸ் பேச்சு பேசமாட்டான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

‘ஒரு வருஷத்து வானிலையை வைத்துப் பருவநிலை மாற்றம் என்பதா? இதற்குமுன் சூடான மார்ச் வந்ததே இல்லையா?’ என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: வந்திருக்கிறது. 2012க்கு முன்னால் அமெரிக்காவின் மிகச் சூடான மார்ச் 1910இல். மறைக்கவில்லை. 2012இல் நடந்தது முழுக்க ஒரே காரணத்தால் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் மற்ற ஊர்களையும் சேர்த்துப் பாருங்கள். ஜப்பானில் கியோட்டோ நகரத்துச் செர்ரிப் பூக்களுக்கு 1,200 வருஷக் குறிப்புகள் இருக்கின்றன, அரசவை நாட்குறிப்புகள் உட்பட. அதுவரை இருந்ததிலேயே மிகச் சீக்கிரமாக 2021இல், மார்ச் 26 அன்று, முழுப் பூப்பு வந்தது. அதற்கு முந்தைய சாதனை 1409இல், மார்ச் 27. அதே 2021இல் பிரான்சில் மார்ச் கடைசியில் சூடேறித் திராட்சை துளிர்த்தது, ஏப்ரல் முதல் வாரத்திலேயே உறைபனி அடித்தது. தோட்டத்தில் வரிசையாகத் தீ மூட்டி ராத்திரி முழுக்கக் காத்தும் பல இடங்களில் காப்பாற்ற முடியவில்லை. நம் நாட்டில் 2022 மார்ச், 1901லிருந்து உள்ள பதிவுகளில் மிகச் சூடான மார்ச். வடக்கே கோதுமை பால் பிடிக்கும் நேரத்தில் வெயில் அடித்து மணி சுருங்கியது. மே 13 அன்று மத்திய அரசு கோதுமை ஏற்றுமதியையே நிறுத்தியது. அங்கே உறைபனி இல்லை, வெயிலே அடித்தது. ஆனால் எல்லா இடத்திலும் பயிர் ஒரு கணக்கில் இருக்க, வானம் வேறொரு கணக்கில் வந்திருக்கிறது.

இப்போது உங்களுக்கு. பக்கத்தில் பழத்தோட்டம் இருந்தால் ஒரு நடை போய் மொட்டைப் பாருங்கள். சாம்பல் வெள்ளி நிறத்தில் இறுக்கமாக மூடியிருந்தால் இன்னும் பயமில்லை, உங்கள் வெயிலை நன்றாக அனுபவியுங்கள். பச்சை நுனி தெரிந்தால் அக்கம்பக்கத்தார் ஏன் கவலைப்படுகிறார்கள் என்று கண்ணாலேயே பார்த்துவிடுவீர்கள். வீட்டில் தக்காளி, மிளகாய் நாற்று விட்டிருந்தால் மே நடுவரைக்கும் வெளியே நடாதீர்கள், எத்தனை சூடாக இருந்தாலும் சரி. வாசலில் பூச்செடி இருந்தால் இரண்டு பழைய போர்வையைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மேகமில்லாமல், காற்றில்லாமல் சாயங்காலம் அமைதியாக இருந்தால் படுக்கப் போகும் முன்னால் மூடிவிடுங்கள். போர்வை தரையைத் தொடவேண்டும், அப்போதுதான் மண்ணின் சூடு உள்ளே நிற்கும். இதுவும் அந்தப் பெரியவர் சொல்லிக் கொடுத்ததுதான்.