ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்

அன்புள்ள சார்,

நான் பி.ஏ. வரலாறு படித்தவன். மூன்று ஆண்டுகளாக ஹெல்ப்டெஸ்க்கில் இருக்கிறேன். நெட்வொர்க் பக்கம் போக ஆசைப்பட்டு, காணொளிகள் பார்த்துச் சொந்தமாகப் படிக்கிறேன். சப்நெட்டிங், விலான் எல்லாம் முடித்து ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் வரை வந்துவிட்டேன். கூட இருப்பவர்கள் எல்லோரும் பொறியியல் படித்தவர்கள் என்பதால் வாய் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை ரீஸ்டார்ட் செய்தாலே சரியாகிவிடும், அதனால் வேலையில் கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை. தொழில்நுட்பப் பட்டம் இல்லாமல் இந்தத் துறையில் எவ்வளவு தூரம் போகலாம்? முதலில் சிஸ்கோவின் நெட்வொர்க் தேர்வான சிசிஎன்ஏ எழுதுவதா, நேராக கிளவுட் சான்றிதழுக்குப் போவதா? வயது 29. தாமதமாகிவிட்டதோ?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

29 வயதில் தாமதம் என்று எழுதாதீர்கள், படிக்கவே சகிக்கவில்லை. கூச்சம் வேலை தெரியத் தெரியத் தானாகப் போய்விடும்.

பட்ட விஷயம். சிசிஎன்ஏ எழுதப் பட்டம் கேட்பதில்லை. எட்டு மணி நேரம் லேபில் உட்கார வைக்கும், சிஸ்கோவின் உயர்நிலைத் தேர்வான சிசிஐஇக்கும் கேட்பதில்லை. ஆனால் சில நிறுவனங்கள் விண்ணப்பத்தைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடும், சில நாடுகளின் வேலை விசாவுக்குப் பட்டம் குறுக்கே வரும். இதை மறைத்து உங்களைத் தேற்ற எனக்கு இஷ்டமில்லை. மற்றபடி, நடு ராத்திரியில் இணைப்பு அறுந்து கிடக்கும்போது யாரும் யாருடைய மதிப்பெண் பட்டியலையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைக் கிள்ளியது வேறொரு வரி. ரீஸ்டார்ட் செய்தாலே சரியாகிவிடும், அதனால் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. கொஞ்ச நாளாகவே இதைப் பற்றித்தான் பார்ப்பவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வகையாக வந்து மாட்டினீர்கள்.

வரலாறு படித்தவர் நீங்கள். கல்வெட்டைப் படிக்காமல் அதன் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு, சுவர் சுத்தமாகிவிட்டது என்று ஒருவன் சொன்னால் உங்களுக்குக் கோபம் வருமா, வராதா? ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் செய்வது அதுதான். நடந்ததையெல்லாம் குறித்து நினைவகத்தில் வைத்திருந்த லாக் போயிற்று. எந்த ஐபி முகவரி எந்தக் கருவியுடையது என்று சொல்லும் ஏஆர்பி டேபிள் போயிற்று. இன்டர்ஃபேஸில் எத்தனை பிழைகள் எண்ணப்பட்டிருந்தன என்ற கணக்கு பூஜ்யமாயிற்று. உள்ளிருந்து வெளியே போகும் இணைப்புகளைக் குறித்து வைக்கும் நேட் டேபிள் நிரம்பி வழிந்துதான் இணைப்பு நின்றது என்றால், அணைத்துப் போட்டதும் அது காலியாகிவிடும், எல்லோரும் உங்களைப் புகழ்வார்கள். அடுத்த வாரம் மறுபடி நிரம்பும். அதை யார் நிரப்புகிறார்கள் என்பது மட்டும் உங்களுக்குக் கடைசி வரை தெரியாது. மூன்று ஆண்டுகளாக உங்கள் மேஜைக்கு வந்த பாடத்தையெல்லாம் நீங்களே அழித்துவிட்டு, கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்கிறீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிளை அலுவலகத்தின் இணைய இணைப்பை மாற்றினார்கள். மறுநாளிலிருந்து விசித்திரமான புகார். மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் போகிறது. மற்ற தளங்கள் திறக்கின்றன. தலைமை அலுவலகத்துக் கணக்கு மென்பொருள் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்தார்கள், சுவிட்சை ரீஸ்டார்ட் செய்தார்கள், பிரவுசரை அழித்து மறுபடி போட்டார்கள். கடைசியில், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவர் வந்தார். பள்ளிப் படிப்போடு நின்றவர், கேபிள் இழுக்கும் வேலையில் தொடங்கியவர். வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, “யாரும் எதையும் தொடாதீங்க.”

போகும் வரும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டு, அந்தப் பக்கத்தை ஒரு முறை திறக்கச் சொன்னார். இணைப்பைத் தொடங்கும் டிசிபி கைகுலுக்கல் மூன்று பாக்கெட்டும் ஒழுங்காக நடந்திருந்தது. பாதுகாப்பான இணைப்பு வேண்டும் என்று கேட்கும் ‘கிளையன்ட் ஹலோ’வைக் கணினி அனுப்பியிருந்தது. பதிலுக்கு சர்வரின் சான்றிதழ் வர வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு வரி, முந்தைய துண்டைக் காணவில்லை என்று. கடைசித் துண்டு சின்னது, வந்துவிட்டது. அதற்கு முன் வர வேண்டிய பெரியவை வரவில்லை. “சின்னது வருது, பெருசு வரல. பாதை குறுகலா இருக்கு” என்றார்.

துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட்டில் பிங் போட்டார், போகவில்லை. 1464-இல் போனது. பாக்கெட்டின் தலைப்புகளுக்கான 28 பைட்டைக் கூட்டினால் ஒன்று 1500, மற்றது 1492. ஈதர்நெட் 1500 வரை தாங்கும். புதிய இணைப்பு பிபிபிஓஇ என்ற வகை, அது தனக்கென்று 8 பைட்டை எடுத்துக்கொள்ளும். பெரிய பாக்கெட் வந்தால் வழியில் உள்ள ரவுட்டர் அதைக் கீழே போட்டுவிட்டு, சிறிதாக்கி அனுப்பு என்று சர்வருக்கு ஐசிஎம்பி செய்தி அனுப்பும். அனுப்பவும் செய்தது. தலைமை அலுவலக ஃபயர்வாலில் யாரோ, பாதுகாப்பு என்று நினைத்து, பிங்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐசிஎம்பி எல்லாவற்றையும் அடைத்திருந்தார்கள். செய்தி போய்ச் சேராததால் சர்வர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. அண்ணன் கிளை ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை, அதாவது ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவை, 1452 என்று ஒரு வரி சேர்த்தார். பக்கம் திறந்தது.

இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். இணையம் இயங்கும் முறைகளை எழுதி வைத்த ஆவணங்களான ஆர்எஃப்சிகளில், 1990-இல் வந்த 1191, 2000-இல் வந்த 2923 என்று எண்ணோடு சொன்னார். இரண்டாவதில் இதே கோளாறு எழுதப்பட்டிருக்கிறது. அவருக்கு ஆங்கிலம் சரளம் கிடையாது. அகராதியை வைத்துக்கொண்டு படித்திருக்கிறார். ஆர்எஃப்சி யாருக்கும் இலவசம். ஏஆர்பி பற்றிய 826 மொத்தமே பத்துப் பக்கம், அதிலிருந்து தொடங்குங்கள். மூல ஆவணம் கையில் இருக்க, அதைப் பற்றி இன்னொருவர் பேசும் காணொளியைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வரலாற்று மாணவருக்கு அழகா?

ஓஎஸ்பிஎஃப் வரை வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சரி, இரண்டு ரவுட்டர்களில் ஒன்றின் எம்டியூவை, அதாவது அது அனுப்பும் பாக்கெட்டின் உச்ச அளவை, மட்டும் மாற்றினால் அவை பேச்சைத் தொடங்கும் எக்ஸ்ஸ்டார்ட், எக்ஸ்சேஞ்ச் நிலைகளிலேயே சிக்கி நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்னும் வந்து சேரவில்லை. கட்டளை அடிப்பதைப் பார்த்தால் கட்டளைதான் வரும். கெடுத்துப் பார்த்தால்தான் வேலை வரும்.

அலுவலகத்தில் இருநூறு பேர் காத்திருக்கும்போது ரீஸ்டார்ட் செய்யத்தான் வேண்டும், எனக்கும் தெரியும். அதற்கு முன் இரண்டு நிமிடம் போதும். லாக், ஏஆர்பி, இன்டர்ஃபேஸ் எண்ணிக்கை, நேட் டேபிள் நான்கையும் ஒரு ஃபைலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அணையுங்கள். சாயங்காலம் உட்கார்ந்து அந்த ஃபைலைப் படியுங்கள். பாக்கெட்டைப் பிடிப்பதென்றால் மட்டும் மேலாளரிடம் அனுமதி வாங்கிவிட்டுச் செய்யுங்கள், அடுத்தவர் தகவல் அதில் இருக்கும்.

ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். இதற்கு சிஸ்கோவின் பயிற்சி மென்பொருளான பேக்கெட் டிரேசர் வேண்டாம், ஒரு லினக்ஸ் கணினி போதும். ஒரே கணினிக்குள் தனித்தனிக் கணினிகள் போல நடந்துகொள்ளும் நேம்ஸ்பேஸ் நான்கு உருவாக்குங்கள்: ஒரு கிளையன்ட், ஒரு சர்வர், நடுவில் இரண்டு ரவுட்டர். ரவுட்டர்களுக்கு இடையிலான இணைப்பின் எம்டியூவை இரண்டு முனையிலும் 1400 ஆக்குங்கள், மற்றதெல்லாம் 1500. சர்வருக்கு வரும் ஐசிஎம்பியை லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் அடையுங்கள். பிறகு கிளையன்டிலிருந்து ஒரு பெரிய ஃபைலை இறக்கிப் பாருங்கள், நின்றுவிடும். இரண்டு முனையிலும் பாக்கெட்டுகளைப் பிடித்து கேப்சர் எடுத்து, எந்தப் பாக்கெட் எங்கே தொலைந்தது என்று உங்கள் வார்த்தையில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். நேர்முகத் தேர்வில் என் முன்னால் உட்காருபவர் இப்படி ஒரு பக்கத்தை எடுத்து நீட்டினால் நான் பேசுவது அதைப் பற்றித்தான்.

கேள்வி கேட்டிருந்தீர்கள் அல்லவா, மறந்தே போனேன். சிசிஎன்ஏ. கிளவுடிலும் சப்நெட், ரவுட் டேபிள், எம்டியூ எல்லாம் இருக்கின்றன, அங்கே இது வீணாகாது. வெளியே கசிந்த தேர்வுக் கேள்விகளான டம்ப் வாங்கி மனப்பாடம் செய்து எழுதுவதாக இருந்தால் எனக்கு எழுத வேண்டாம். கேப்சரை பிகேப் ஃபைலாகவே அனுப்புங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் திறக்க மாட்டேன்.