கட்டைவிரல் மூட்டை இணைத்துவிட்டால் குந்தி உட்கார முடியுமா?

கேள்வி: டாக்டர் ஐயா, என் அம்மாவுக்கு 57 வயது. கடலூர் முதுநகரில் தரையில் குந்தியபடி மீன் விற்கிறார். வலது கால் கட்டைவிரல் மூட்டின் மேல் எலும்பு புடைத்து, விரலை மேலே வளைக்கவே முடியவில்லை. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், “ஜவ்வு தேய்ந்துவிட்டது, இரண்டு எலும்பையும் ஒன்றாக்கி மூட்டை இணைத்துவிடலாம், அப்புறம் அது அசையாது” என்கிறார். “அப்புறம் நான் எப்படித் தொழில் பண்றது?” என்று அம்மா அழுகிறார். செயற்கை மூட்டு வைக்கலாமா?
- வாசகி, கடலூர்

பதில் (எலும்பு மருத்துவர், புதுச்சேரி): அம்மாவுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். குதிகால் தரையில் பதியக் குந்தினால் மடங்குவது இடுப்பும் முழங்காலும் கணுக்காலும்தான். குதிகாலைத் தூக்கி உட்காரும்போதும், விரலை ஊன்றி எழும்போதும்தான் கட்டைவிரல் நன்றாக வளைய வேண்டும். அம்மா எப்படிக் குந்துகிறார், எப்படி எழுகிறார் என்று பக்கத்தில் நின்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். அது எக்ஸ்ரேயில் தெரியாது.

விரலை மேலே தள்ளும்போது மட்டும் வலிக்கிறதா, பாதி அசைத்தாலே வலிக்கிறதா? முன்னதென்றால், ஜவ்வு ஓரளவு மிச்சமிருந்தால், புடைத்த எலும்பைச் செதுக்கி எடுத்தாலே பலருக்குப் போதும். மூட்டு அசையும், சீக்கிரம் நடக்கலாம். பிற்பாடு தேய்மானம் கூடினால் அப்போது இணைத்துக்கொள்ளலாம். பாதி அசைவிலேயே வலித்து, எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளியும் மறைந்திருந்தால் செதுக்குவது பெரும்பாலும் நிலைக்காது. உங்கள் டாக்டர் சொன்னதே சரி.

பிளேட், ஸ்க்ரூ வைத்து இணைத்தால் 10 பேரில் 9 பேருக்காவது எலும்பு கூடிவிடும், மூட்டு வலியும் போய்விடும். விரலைச் சற்றே மேல்நோக்கிய கோணத்தில் இணைப்பதால் சாதாரண நடையில் பெரிய குறை தெரியாது. ஆறு வாரம் போல விசேஷச் செருப்போடு குதிகாலில்தான் நடக்க வேண்டும். வீக்கம் முழுசாக வடிய மாதங்கள் ஆகும். ஈரமும் ஐஸ் தண்ணீருமான மீன் கடைத் தரைக்கு இரண்டு மூன்று மாதம் அவரை அனுப்பவே அனுப்பாதீர்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிறாரா? ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். எலும்பு கூடாமல் போக அது முக்கியக் காரணம். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

செயற்கை மூட்டு வேண்டாம் என்பதே என் கருத்து. தினமும் பாரம் சுமந்து நடக்கும் காலில் அது தளர்ந்து, சுற்றியுள்ள எலும்பையும் கரைத்துவிடலாம். பிறகு இணைக்க, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க நேரும். இந்த மூட்டுக்கென 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செயற்கை ஜவ்வு ஒன்றையே 2024-ல் திரும்பப் பெற்றார்கள்.

இடையில் ராத்திரியில் திடீரென்று சிவந்து வீங்கித் துடித்ததுண்டா? அப்படியானால் அது ‘கவுட்’ எனும் மூட்டு வாதமாக இருக்கலாம், ரத்தத்தில் யூரிக் அமிலமும் பாருங்கள். அதற்கு மாத்திரை வேறு. சந்தேகம் தீரவில்லை என்றால் எக்ஸ்ரேயோடு ஜிப்மர் எலும்பு சிகிச்சைப் பிரிவில் இன்னொரு கருத்துக் கேளுங்கள். எந்த ஆபரேஷன் ஆனாலும், கடையில் உட்கார முழங்கால் உயரத்துக்கு ஒரு ஸ்டூல் இப்போதே வாங்கிக் கொடுங்கள். வலியில் பாதி அதிலேயே குறையலாம்.