சைக்கிளின் டிஸ்க் பிரேக் உரசுகிறதா? ஸ்பானரை எடுக்கும் முன் காதைத் தீட்டுங்கள்

கேள்வி: எம்டிபி (மலைப்பாதை) சைக்கிளின் முன்சக்கரம் விட்டுவிட்டு உரசுகிறது. காலிப்பரை (பேடுகளால் டிஸ்கைக் கவ்வும் பாகம்) கழற்றிக் கழற்றிப் பொருத்திவிட்டேன், பலனில்லை. (திருச்சி)

பதில்: சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிக் கேளுங்கள். ஒரு சுற்றுக்கு ஒருமுறை ‘சிக்’ என்றால் டிஸ்க் நெளிந்திருக்கிறது. அதற்குக் காலிப்பரைத் தண்டித்துப் பயனில்லை. சுற்று முழுவதும் ஒரே சீராக உரசினால்தான் காலிப்பர் விலகியிருக்கிறது என்று பொருள். இதைப் பிரித்தறியாமல் திருகுகளில் கைவைப்பவர்கள்தான் ஒரு கோளாறை மூன்றாக்குகிறார்கள்.

நெளிவை எடுக்க, காலிப்பருக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, பேடுகளின் இடைவெளி வழியாகப் பாருங்கள். டிஸ்க் எந்த இடத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். அந்த இடத்தைக் காலிப்பருக்கு வெளியே கொண்டுவந்து, சுத்தமான துணி சுற்றிய ஸ்பானரால் எதிர்ப்பக்கம் மெல்ல வளையுங்கள். சுழற்றிப் பார்த்துவிட்டு, தேவையென்றால் இன்னும் கொஞ்சம். அவசரப்பட்டால் டிஸ்க் அப்பளமாகிவிடும். வெறும் விரலால் தொட வேண்டாம். கைப்பிசுக்கு பேடில் ஏறும்.

கேள்வி: பஞ்சர் ஒட்டிய பிறகு பின்சக்கரம் ஓயாமல் உரசுகிறது. (மதுரை)

பதில்: சக்கரம் கோணலாக உட்கார்ந்திருக்கும். சைக்கிளைத் தரையில் நேராக நிறுத்தி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் குவிக் ரிலீஸைத் தளர்த்தி, சீட்டை ஒருமுறை அழுத்திவிட்டு இறுக்குங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான். அதற்கும் போகாவிட்டால், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் காலிப்பரின் இரு போல்ட்டுகளையும் தளர்த்தி, பிரேக் லிவரை அழுத்திப் பிடித்தபடி இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை ஒரேயடியாக முறுக்கினால் காலிப்பர் திரும்பிவிடும்.

கேள்வி: அந்த வழி என் கேபிள் டிஸ்க் பிரேக்கில் வேலை செய்யவில்லையே? (சேலம்)

பதில்: செய்யாது. விலை குறைந்த கேபிள் பிரேக்குகளில் பெரும்பாலும் வெளிப்பக்கப் பேட் மட்டுமே நகரும். அது டிஸ்கைத் தள்ளி, அசையாத உள்பக்கப் பேடின்மீது சாய்க்கும். அதனால் லிவரைப் பிடித்து இறுக்கும்போது டிஸ்க் உள்பேடோடு ஒட்டியே நிற்கும். இறுக்கி முடித்ததும், ஸ்போக் பக்கத்திலிருக்கும் திருகை ஆலன் கீயால் சிறிது பின்வாங்கி, உரசல் நின்ற அந்த நொடியில் நிறுத்துங்கள். நிறையப் பின்வாங்கினால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டிஸ்க் வளைந்து வளைந்து நிமிரும். வெளிப்பேடின் தூரத்தைக் கேபிளில் சரிசெய்யலாம்.

கேள்வி: சக்கரம் கழற்றியிருந்தபோது மகன் லிவரை அழுத்திவிட்டான். இப்போது டிஸ்க் உள்ளே நுழையவே மறுக்கிறது. (காஞ்சிபுரம்)

பதில்: ஹைட்ராலிக்கில் பேடுகளைத் தள்ளும் பிஸ்டன்கள் வெளியே வந்துவிட்டன. டயர் கழற்றப் பயன்படும் பிளாஸ்டிக் டயர் லிவரைப் பேடுகளுக்கு நடுவே விட்டு, அவற்றை மெதுவாக விலக்குங்கள். திருப்புளி வேண்டாம், பேட் சிதையும். இனிச் சக்கரம் கழற்றும்போது மடித்த அட்டையைச் செருகி வையுங்கள்.

கேள்வி: கொல்லிமலையிலிருந்து இறங்கி முடிக்கும்போது உரசுகிறது, வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடுகிறது. (நாமக்கல்)

பதில்: 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். பேட் கவ்வும் வெளிவிளிம்பு நடுப்பகுதியைவிட அதிகம் சூடேறி விரிவதால் டிஸ்க் தற்காலிகமாக நெளிகிறது; ஆறியதும் நிமிர்ந்துவிடும். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நெளிவு நிரந்தரமாகிவிடலாம்.

இறங்க இறங்க லிவரும் இறுகுகிறது என்றால் விஷயம் வேறு. தேய்ந்த பேடோடு எண்ணெயை நிரப்பி, பிறகு புதுப் பேட் போட்டிருப்பார்கள். சூட்டில் விரியும் எண்ணெய்க்கு இடமில்லாமல் பேடுகளைத் தள்ளுகிறது. உபரியை எடுக்கச் சொல்லுங்கள். ஷிமானோ பிரேக் என்றால் மினரல் ஆயில் மட்டுமே. வேறு வகைப் பிரேக் எண்ணெயான டாட் திரவம் உள்ளே போனால் சீல் கெடும். டிஸ்கின் தடிமனையும் அளக்கச் சொல்லுங்கள்: ஷிமானோவில் புதிது 1.8 மி.மீ., 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும்.

கேள்வி: சத்தம் போக டிஸ்கில் கொஞ்சம் எண்ணெய் விடலாமா? (கோவை)

பதில்: கூடாது. ஏற்கெனவே விட்டிருந்தால், டிஸ்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதுப் பேட் வாங்குங்கள். அதுவரை ஓட்ட வேண்டாம்.